சந்துக்குள் திரும்பாத தேர்

கிறிஸ்து அரசர் பெருவிழாவின் நற்கருணை பவனி முன்பெல்லாம் எங்கள் பங்கில் எளிமையாகத்தான் நடக்கும். பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைக் கையில் ஏந்தி நடப்பார். நாலு பேர் குடை பிடிப்பார்கள். பீடம் வைத்திருக்கும் வீட்டு வாசலில் எல்லாம் நின்று ஆசீர் கொடுப்பார். அது போதாது என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை அவருக்கு. பங்குப் பேரவையிலும் இருந்தார். “ராஜான்னா ராஜா மாதிரி வரணுங்க. ஒரு மந்திரி வந்தா எத்தினி காரு வருது?” என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார். கேட்க எல்லோருக்கும் நன்றாகத்தான் இருந்தது, எனக்கும். டிராக்டர் டிரெய்லர் மேல் தேர் ஏறியது; கதிர்ப்பாத்திரத்தோடு சாமியாரும் அதில் ஏறிக்கொண்டார். சிம்மாசனம், சீரியல் லைட்டு, மைக்கு என்று ஒன்றும் குறைவில்லை.

போன வருடம் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். பேசினாலே மூச்சு வாங்கியது. டாக்டர் கைவிரித்துவிட்டார். “பவனி வரப்போ கட்டில வாசப்பக்கம் இழுத்துப் போடு. ஒரு தடவ பாத்துட்டாப் போதும்” என்றார் என் வீட்டுக்காரர். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிப் பீடம் வைத்தேன்.

பேண்டு சத்தம் சந்துமுனை வரை வந்து நின்றது. கீழே மழைச்சேறு, மேலே கரண்டு கம்பி. அந்த அகலத்துக்கு டிரெய்லரால் எங்கள் சந்துக்குள் திரும்ப முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மைக்கு மெயின் ரோட்டோடு வாழ்த்திக்கொண்டே போய்விட்டது. அவர் கூப்பின கையை இறக்கவில்லை. “அவ்ளோ பெருசா வேணும்னு நாந்தான சொன்னேன்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் போய்விட்டார். அடக்கம் முடிந்ததும் சாமியாரிடம் சொல்லி அழுதேன். “நீங்க பீடம் வச்சது எனக்குத் தெரியாதும்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கி வந்திருப்பேனே” என்றார்.

சந்துமுனை கூப்பிடு தூரம்தான். அத்தனை விளக்குக்கும் கொட்டுக்கும் நடுவில் போகிற ராஜாவை ஒரு பொம்பளை எப்படி நிறுத்துவது என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவிசேஷத்தில், கூட்டமே அதட்டியும் கேட்காமல் வழியோரத்துக் குருடன் ஒருவன் கத்துகிறான், இயேசு நிற்கிறார். எத்தனையோ பூசையில் கேட்டிருக்கிறேன். நான் கத்தவில்லை.