அத்தை சும்மா உட்கார்ந்திருந்தாள்

திரையில் ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தென்காசிக் கொட்டகையில் மேட்னி பார்க்க வந்திருந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். இசை இல்லை. கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி பொறுக்க மாட்டாமல், "ஏட்டி, கதவச் சாத்துட்டி!" என்று கத்திவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. இடைவேளைக்கு விளக்குப் போடும்வரை அந்தக் கதவு வழியாக யாருமே வரவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. அப்போதே அது பழைய கறுப்பு வெள்ளைப் படம். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. நான் குற்றாலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை என் அப்பாவின் தங்கை. சுரண்டையில் வாழப் போனவள், திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வந்ததிலிருந்து யாரோடும் சரியாகப் பேசவில்லை. வெளியே நாலு முகத்தைப் பார்த்தால் நல்லது என்று நான்தான் படத்துக்கு இழுத்துப் போனேன்.

அவள் புருஷனை ஒரு காலத்தில் மாமா, மாமா என்று கூப்பிட்டவள் நான். இங்கே அந்தச் சொல்லை அவனுக்குத் தருவதாக இல்லை. சுரண்டைக்காரன் என்றே எழுதுகிறேன். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தான். புளியறைப் பக்கம் லாரி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பெண் எடுக்க அவனுக்கு ஆசை வந்துவிட்டது. கட்டியவள் குத்துக்கல்லாக இருக்கும்போது அது நடக்காது. ஆகவே அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடைக்கு வந்தவர்களுக்குப் பித்தளைக் குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே, "வீட்ல அவளுக்குச் சொகமில்ல அண்ணாச்சி. தன்னால பேசுதா. பிள்ளயப் பாத்தா ஒரு மாதிரி முழிக்கா" என்று பெருமூச்சு விட்டான். மிச்சத்தை ஊரே சேர்த்துக்கொண்டது.

சாரல் நன்றாக விழுந்த ஒரு நாள் பகலில், பேயை அருவியில் இறக்குகிறேன் என்று ஒரு கோடாங்கியோடு அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்தான். கல்லூரி விட்டு வந்த நான் அருவிக்கரையில் கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் அத்தையின் கைகளை முறுக்கிப் பிடித்திருந்தார்கள். கோடாங்கி அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் தலையைத் தள்ளித் தள்ளி இழுத்தான். "போறியா, இல்லையா? சொல்லு, போறியா?" என்று அலறிக்கொண்டே வேப்பங்குலையால் முகத்தில் அடித்தான். குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுரண்டைக்காரன் சற்றுத் தள்ளிக் குடை பிடித்து நின்றான். முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை. பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல நின்றான்.

நான் உள்ளே புகுந்து கோடாங்கியின் கையைக் கடித்தேன். அவன் விட்டதும் அத்தையை இழுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு தென்காசி பஸ்ஸில் ஏற்றினேன். அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை சுரண்டை வீட்டில் இருந்தது. அப்பா பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையைக் கேட்டார். "பேய் புடிச்சவ கையில பிள்ளயக் குடுத்துட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கது?" என்று கண் கலங்கினானாம் அவன். போன பெரியவர்களே அவனுக்காக இரக்கப்பட்டுத் திரும்பினார்கள்.

படம் விட்டு நடந்து வரும்போது, கோயில் பக்கம் திரும்புகிற இடத்தில் அத்தை நின்றாள். அத்தனை மாதங்களில் அவள் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றைக்குத்தான்.

"அந்தக் கோடாங்கி கத்துனான்லா, அவங்கிட்ட எனக்குப் பயமே இல்லட்டி. அடிக்கான், இன்னும் ரெண்டு அடிப்பான், கை வலிச்சா நிறுத்திருவான்னு தெரியும். இவுக கொடயப் புடிச்சிட்டுப் பேசாம நின்னாக பாரு. அடுத்து என்ன செய்வாகன்னு தெரியல. அதான் குலைய நடுக்கிட்டு."

மறுபடி நடக்க ஆரம்பித்து, "கதவு தொறந்து கெடக்கு, ஒருத்தனும் வரல. கடைசி வரைக்கும் வரலன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

அடுத்த வாரம் காலையில் குளித்து, தலை வாரிப் பூ வைத்து, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு சுரண்டைக்குப் புறப்பட்டாள். அம்மா பதறினாள். நானும் கூடப் போனேன். பாத்திரக்கடைக்கு நேர் எதிரே ஒரு சோடாக்கடை, வாசலில் ஒரு பெஞ்சு. அத்தை அதில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கடையைப் பார்த்தாள். முறைக்கவில்லை. சும்மா பார்த்தாள். கல்லாவில் இருந்தவன் முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், உள்ளே போனான், திரும்பி வந்தான். அத்தை அப்படியே இருந்தாள். பிறகு சோடாக்கடை அண்ணாச்சியிடம், "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பையில் இருந்தது ஒரு துண்டும் பஸ்ஸில் தின்பதற்கு எடுத்த வாழைப்பழமும்தான்.

இப்படியே போக ஆரம்பித்தாள். ஒரு வாரம் இரண்டு முறை போவாள். பிறகு ஒரு மாதம் எட்டிப் பார்க்க மாட்டாள். இனி வரமாட்டாள் என்று அவன் மூச்சு விடுகிற நேரத்தில் போய் உட்கார்வாள். நாள் கிழமை என்று எந்த ஒழுங்கும் இருக்காது. ஒழுங்கு வந்துவிடாமல் அவளே கவனமாகப் பார்த்துக்கொண்டாள். நான் போகாத நாட்களில் நடந்ததைச் சோடாக்கடை அண்ணாச்சி பிறகு சொல்வார். "அவ வராத அன்னைக்குத்தான் அவன் பெஞ்சயே பாத்துட்டு இருக்கான் தாயி. யாவாரம் ஓடல. கடைப்பையன் செம்பைக் கீழ போட்டா கூடத் துள்ளுதான்." கடையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். வீட்டுக்கு வேறு வேறு தெரு வழியாகப் போனான். பையில் அரிவாள் இருக்கிறது என்றான். பிறகு அரிவாள் இல்லை, செய்வினைத் தகடு என்றான். அவளுக்குப் பேய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், கடைசியில் அதைத் தானே நம்பிவிட்டான். புளியறைக்காரர்கள் விசாரிக்க வந்தபோது, நடுநடுங்கும் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

இப்போது சென்னையில் என் மகன் பெரிய டிவியில் பேய்ப்படம் போடுகிறான். வீடே அதிரும் சத்தம். சுவர் பிளந்து ஒன்று வருகிறது, கழுத்து முழுவதுமாகத் திரும்புகிறது, குடம் குடமாக ரத்தம். ஒருமுறை திடுக்கிட்டுவிட்டு, அடுத்த நிமிஷம் முறுக்குத் தட்டைத் தேடுகிறோம். எல்லாவற்றையும் கண்ணெதிரே காட்டிவிட்டால் பயத்துக்கு ஒரு அளவு வந்துவிடுகிறது, அந்தக் கோடாங்கியின் அடியைப் போல. பழைய படக்காரர்கள் காட்ட வேண்டியதைக் காட்டாமல் நம்மிடமே விட்டுவிட்டார்கள். அவரவருக்கு எது தாங்காதோ, அதையே அவரவர் அங்கே வைத்துப் பார்த்தோம். அத்தையும் சுரண்டைக்காரனுக்கு அதைத்தான் செய்தாள். அவன் செய்ததெல்லாம் அவனுக்குத்தானே தெரியும். அதற்கு என்ன தண்டனை பொருந்தும் என்பதையும் அவனே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

நானும் கூடப் போயிருந்த ஒரு நாள் மத்தியானம் கடைவீதி நிறைய ஆட்கள் இருக்கும்போது அவன் சாலையைக் கடந்து எங்களிடம் வந்தான். வேட்டி நழுவுவதுகூடத் தெரியவில்லை.

"என்னட்டி செய்யப் போற? என்ன வேணும் ஒனக்கு? சொல்லித் தொலையேன்!"

அத்தை அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய்யி. போதுமா? எல்லாருங் கேட்டுக்கிடுங்க, பொய்யி! பிள்ளயக் கூட்டிட்டுப் போ. இங்கன வராத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

சோடாக்கடை அண்ணாச்சி உடைக்க எடுத்த சோடாவைக் கையில் பிடித்தபடி நின்றார். அன்றைக்குச் சாயங்காலமே குழந்தை எங்கள் வீட்டில் இருந்தது. பெற்றவளை யாரோ என்று நினைத்து முதலில் அழுதது. பிறகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டே தூங்கியது. அதோடு முடிந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து அத்தை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள்.

"அத்தை, அதான் பிள்ள வந்துட்டே. அவரும் நாலு பேருக்கு முன்னால ஒத்துக்கிட்டாரு. இன்னும் எதுக்கு?"

"பிள்ள வந்தது பிள்ளைக்கி. எனக்கு இப்பதாம்ட்டி இடைவேளை விட்டுருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

எண்பதுகளிலும் போய்க்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஓரிரு முறை, சில வருஷம் அதுவும் இல்லை. மன்னித்துவிட்டால்தான் என்ன என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, "ஒங்க தலமுடியச் சுத்திப் புடிச்சானா அண்ணே?" என்றாள். எனக்கு அவள் செய்தது தவறென்று அன்றும் தோன்றியதில்லை, இன்றும் தோன்றவில்லை.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் சுரண்டைக்காரன் நுரையீரல் கெட்டுத் தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மைனி, அண்ணன் ஒரே ஒரு காரியம் கேட்டுட்டு வரச் சொன்னாரு. வேற ஒண்ணும் வேண்டாமாம். அன்னைக்கி எல்லாம் என்ன செய்யணும்னு வந்து உக்காந்திருந்திய?"

ஒன்றுமில்லை, சும்மாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும்கூட. அத்தை யோசித்துவிட்டு, "நாளைக்கி நானே வந்து சொல்லுதேன்னு சொல்லுங்க தம்பி" என்றாள்.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. வீட்டிலேயே இருந்து துணி துவைத்தாள், ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கினாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்குப் பின்னல் போட்டாள். ஒரு காலையில் தம்பி மறுபடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"கேட்டாரா?" என்றாள் அத்தை.

"கேட்டுட்டேதான் இருந்தாரு மைனி. காலடிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் தலையணைய ஒசத்தச் சொன்னாரு."

அத்தை அவருக்குக் காப்பி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அன்று மத்தியானம் ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு போடச் சொன்னாள். அவள் அப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.