டைல்ஸ்காரர் கைதட்டாத நாடகம்

எங்கள் நகர நாடக மன்றம் போட்ட எந்த நாடகத்தையும் டைல்ஸ்காரர் தவறவிட்டதில்லை. நடிப்பவர்கள்கூட ஒன்றிரண்டைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஒருமுறை வில்லனே வரவில்லை. டைல்ஸ்காரர் வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு முன்வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்து, வில்லன் இல்லாமலே கதாநாயகன் ஜெயித்த அந்த நாடகத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "புதுமையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய கடை. டைல்ஸ், குழாய், வாஷ்பேசின் எல்லாம் கிடைக்கும். வருகிறவர் எந்த டைல்ஸைத் தொட்டாலும் "அருமையான செலக்‌ஷன்" என்பார். சதுர அடிக் கணக்குப் போடுவது, மூலை உடைந்து வந்த பெட்டிகளைத் திருப்பி அனுப்புவது, மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் மனைவியின் பாடு. பாராட்டுவது மட்டும் இவர் பொறுப்பு. அதில் மனிதருக்குக் கஞ்சத்தனமே கிடையாது, வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால்.

மன்றம் என்றால் இன்சூரன்ஸ்காரர்தான். கதை, வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. நாடகத்தில் மட்டும் இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிரந்தர ஜோடி பல் டாக்டரம்மா. நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற அந்த அம்மா, மேடை ஏறியதும் தன் வாயைத் திறக்க மறந்துவிடுவார். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் குரல் மூன்றாம் வரிசைவரை தெளிவாகக் கேட்கும். அந்தக் குரலுக்கும் டைல்ஸ்காரர் கைதட்டியிருக்கிறார்.

நகைச்சுவை வருவதற்கு ஒரு வரி முன்னாலேயே சிரித்துவிடுவார். சோகக் காட்சிக்கென்று துண்டு சைஸில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தார். எங்கே கைதட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாத ஹாலில் அவர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவார்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், திரை இழுக்கிறவர் உட்பட ஒருவர் விடாமல் கையைப் பிடித்துக் குலுக்குவார். மன்றத்தார் முகத்துக்கு நேரே அவரை 'ரசிகர் திலகம்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'மத்தளம்' என்றார்கள்.

அவர் மனைவி ஒரே ஒரு நாடகத்துக்குத்தான் வந்திருந்தார். கடையைப் பூட்டினோமா என்று இடைவேளையில் சந்தேகம் வந்து எழுந்து போனவர், பூட்டித்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் திரும்பி வரவில்லை.

ஒரு வருடம் சுவரொட்டியில் தகராறு வந்தது. இன்சூரன்ஸ்காரரின் முகம் பூசணிக்காய் அளவுக்கும் பல் டாக்டரம்மாவின் முகம் எலுமிச்சை அளவுக்கும் அச்சாகியிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்த கையோடு மன்றத்தைவிட்டு விலகினார். மேடையேற ஒரு வாரம்கூட இல்லை. இன்சூரன்ஸ்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, ஆறுதல் சொல்லப் போன டைல்ஸ்காரர் வாய் சும்மா இருக்காமல், "எங்க வீட்ல இருக்காங்களே சார்" என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாற்காலி இரவல் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டார்.

அவர் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி குனிந்து பெட்டிகளில் உடைசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணணும்?" என்று நிமிராமல் கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல. கடைசி சீன்ல மட்டும் ரெண்டு பக்கம் வசனம். அழுதுகிட்டே பேசணும்."

"அழறதுக்கு ரெண்டு பக்கமா?" என்றவர், அடுத்த பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "சரி" என்றார்.

கடையை மூடிய பிறகு ஒத்திகைக்குப் போனார். புறங்கையை நெற்றியில் வைத்துத் துயரத்தைக் காட்டுவது எப்படி என்று இன்சூரன்ஸ்காரர் சொல்லிக் கொடுத்தார். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுவதுபோல எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். டைல்ஸ்காரர் ஒத்திகைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ரசிகன் புதுசாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

நாடகத்தின் கதை இதுதான்: ஊரே மெச்சும் கணவன் தினமும் தாமதமாக வீடு திரும்புகிறான். மனைவி சந்தேகப்படுகிறாள். கடைசியில் அவன் ரகசியமாக அனாதைக் குழந்தைகளைப் படிக்க வைப்பது தெரியவர, அவள் கதறி அழுது, அவன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறாள். கணவனாக இன்சூரன்ஸ்காரர். முதல்முறையாகக் கல்லூரியை முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஹால் நிறைந்திருந்தது. மனைவி மேடைக்கு வந்ததும் டைல்ஸ்காரர் படபடவென்று தட்டினார். அந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கூடையோடு உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தார். கணவன் வந்ததும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். எங்கள் மேடையில் அதுவரை யாரும் யாரையும் பார்த்துப் பேசியதில்லை; எல்லோரும் ஹாலின் பின்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் காதலித்திருந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் திடுக்கிட்டு இரண்டு வரியை விழுங்கினார். சபையில் இருமல் நின்றது. டைல்ஸ்காரருக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. கைக்குட்டை பையிலேயே கிடந்தது.

கடைசிக் காட்சி வந்தது. இன்சூரன்ஸ்காரர் தன் தர்மங்களை எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பிறகு, காலில் விழப்போகிற மனைவியைத் தூக்கி நிறுத்தத் தோதாக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். மனைவி சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்று அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சூடு பண்ணிக்கோங்க. எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு பக்க வசனத்தில் அந்த வரி எங்கேயும் இல்லை. இன்சூரன்ஸ்காரருக்குப் பதில் வசனமும் இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, "ம்" என்றார். அவர் வாழ்நாளில் நடித்ததிலேயே சிறந்த இடம் அதுதான். அவருக்கு அது தெரியாது.

டைல்ஸ்காரருக்குத் தெரிந்தது. அந்த வாக்கியத்தை எத்தனையோ வருடமாக அவர் வீட்டில் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும். யார் எப்படி நடித்தார்கள் என்ற பூரிப்பில் உள்ளே நுழைந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்ன பதிலும் அதே "ம்"தான்.

திரை விழுந்தது. ஹாலில் சத்தமே இல்லை. எல்லோரும் பழக்கதோஷத்தில் முன்வரிசை நடு நாற்காலியைப் பார்த்தார்கள். அவர் கை இரண்டும் மடியில் கிடந்தன. பின்னாலிருந்து ஒரு பெண் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசாமல் போனார்கள்.

மேடைக்குப் பின்னால் இன்சூரன்ஸ்காரர் ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் கொதித்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டம்மா நாடகத்தையே கெடுத்துட்டாங்க. ஒரு கைதட்டு உண்டா?"

டைல்ஸ்காரர் வாழ்நாளில் முதன்முறையாக விமர்சனம் செய்தார். "நீங்க கையை நீட்டிகிட்டு நின்னதுதான் சார் நல்லாயில்ல."

மறுநாள் மதியம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் மனைவி கேட்டார். "எல்லாரையும் அருமைன்னு சொல்லுவீங்களே, நான் எப்படி?"

அவர் தேடிப் பார்த்தார். அருமை, பிரமாதம், அசத்தல் எல்லாவற்றையும் திரை இழுக்கிறவர்வரை விநியோகித்துத் தீர்த்திருந்தார். கடைசியில், "பயமா இருந்துச்சு" என்றார். மனைவி பில் புத்தகத்தை மூடிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அன்று இரவு டைல்ஸ்காரர் சாப்பாட்டைத் தானே சூடு பண்ணி, இரண்டு தட்டில் போட்டார். ஒன்று கருகியிருந்தது.

அடுத்த நாடகத்தில் பல் டாக்டரம்மா திரும்பி வந்துவிட்டார். சுவரொட்டியில் இரண்டு பூசணிக்காய்கள். டைல்ஸ்காரரும் வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆனால் மனிதருக்கு ஏதோ ஆகியிருந்தது. ஒட்டுத்தாடியின் ஓரம் பிய்ந்திருப்பது தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்துக் காதலிப்பது தெரிந்தது. முழங்கைவரை வந்த கைதட்டல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் தட்டாததால் யாரும் தட்டவில்லை. இடைவேளையில் பாதி ஹால் காலி.

மன்றத்தார் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். அவர் மனம் எதில் புண்பட்டது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்கள். முன்வரிசை நாற்காலிக்கு மெத்தை போட்டுத் தருவதாகக்கூடச் சொன்னார்கள். "வர மாட்டேங்குது சார்" என்று அவர் பரிதாபமாகக் கையை விரித்துக் காட்டினார்.

அவர்களோடு வந்திருந்த தையல்காரம்மாவும் அறிவியல் டீச்சரும் மட்டும் கடைசியில் தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அவர் கையில் அக்கறை இல்லை. மனைவியைத்தான் பார்க்க வந்திருந்தார்கள். அன்று மூக்கைச் சிந்தியது தான்தான் என்று தையல்காரம்மா சொன்னார்.

அப்படித்தான் டைல்ஸ் கிடங்கில் ஒரு புது நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியது. மூன்று பெண்கள், பெட்டிகளை அடுக்கி உண்டாக்கிய ஒரு மேடை. உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். டைல்ஸ்காரர் வெளியே உட்கார்ந்து சதுர அடிக் கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டு மேஸ்திரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனைவி இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த மாதத்தில்தான் அவருக்குப் புரிந்தது.

அவர்களுடைய நாடகத்தன்று நல்ல மழை. வந்தவர்கள் பாதி ஹாலுக்குமேல் இல்லை. முன்வரிசையில் உட்காரக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் டைல்ஸ்காரர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். இன்சூரன்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு, குறை கண்டுபிடிக்க வந்திருந்தார். இரண்டாம் காட்சியில் பட்டென்று மின்சாரம் போனது. மேடையில் பேச்சு நிற்கவில்லை. இருட்டிலேயே மூவரும் தொடர்ந்தார்கள். யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

டைல்ஸ்காரர் தடவித் தடவி முன்னால் போய், கைபேசி விளக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார். கை மரத்துப் போனபோது மற்றக் கைக்கு மாற்றினார். மின்சாரம் வந்தது. மேடையிலேயே லயித்திருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. பளீரென்று எரிகிற ஹாலில், எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

மனைவி வசனத்தை நிறுத்தாமல் மேடை ஓரத்துக்கு நடந்து வந்து, அதே குரலில், "போதும், எறக்குங்க" என்றார்.

அது நாடகத்தில் உள்ள வசனம் என்று நினைத்து ஹாலே சிரித்தது. இன்சூரன்ஸ்காரர்கூட.