லெப்டினன்ட் மீசை

கிணத்துக்கடவு தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. இறங்கி, எதிரே புளியமரத்தடியில் நடக்கும் வேலையை வேடிக்கை பார்க்கிறேன். கார்கில் சண்டையில் இறந்துபோன இந்த ஊர் லெப்டினன்டுக்குச் சிலை வைக்கிறார்கள். நாளை திறப்புவிழா. சிமெண்ட் முகத்துக்குச் சிற்பி பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். மீசை கறுகறுவென்று காதுவரை முறுக்கி நிற்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் வீரன் என்றால் இதே மீசைதான்.

தூக்குப்போசியில் சிற்பிக்குக் காப்பி கொண்டுவந்திருக்கும் அம்மாவிடம், “உங்க பையனுங்களா?” என்று கேட்கிறேன்.

“ஆமாங்க. ஆனா அவனுக்கு மீசையே சரியா மொளைக்கலீங்க. பூனைமுடியாட்ட நாலு முடி. அதையும் கண்ணாடி முன்னாடி நின்னு தடவிட்டே இருப்பான்” என்று சிரிக்கிறார்.

சிற்பியின் முகம் வாடிவிடுகிறது. “பட்டாளத்துக்காரர்னு நானா வெச்சுப்போட்டனுங்கம்மா. செதுக்கி எடுத்துரட்டுங்களா?” என்று உளியைத் தேடுகிறார்.

அம்மா சிலையை நிமிர்ந்து பார்க்கிறார்.

“வேண்டாமுங்க. போன லீவு முடிஞ்சு கெளம்பறப்ப, ‘அடுத்த தடவ மீசையோட வாரேனுங்கம்மா’ன்னு சொல்லிட்டுத்தான் போனான். இருக்கட்டும், உடுங்க.”