ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில்

இன்று உயர்தரப் பிள்ளைகளின் கணித விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் எந்நேரமும் வரக்கூடிய பஸ் பற்றிய கணக்கு. ஒரு பிள்ளை வடிவாகச் செவ்வகம் கீறி, மொத்தப் பரப்பு ஒன்று என்று எழுதியிருந்தது. முழுப் புள்ளி போட்டுவிட்டு, ஆறிப்போன இஞ்சித் தேத்தண்ணியை எடுத்து வாயில் வைத்தேன். அவ்வளவுதான், மனதால் மாம்புரிக் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

உயர்தரம் படித்த காலத்தில் அங்கே என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் கணவர், என் மச்சான், இரவில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க் காலையில் திரும்புவார். அவர் கரையேறும்போது இஞ்சித் தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும் என்பது ராத்தாவின் பிடிவாதம். ஆனால் கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை. கேட்டால் ஆகாது. ஆகவே என்னிடம் கேட்பாள்.

நானோ அப்போது புதிதாகக் கணக்குப் பைத்தியம் பிடித்தவன். சீனி சுற்றி வந்த தாளில் ஏழிலிருந்து ஒன்பது வரை ஒரு செவ்வகம் கீறினேன். இதன் பரப்புதான் மச்சான் வருவதற்கான வாய்ப்பு, முழுவதும் ஒன்று, ஒன்று என்றால் நிச்சயம் என்றேன். எட்டுக்கு முன் வர அரைவாசி வாய்ப்பு. மிகச் சரியாக எட்டு மணிக்கு வருவதற்கோ வாய்ப்பு பூச்சியம்.

"அப்பிடிப் பார்த்தா எந்த நேரத்துக்கும் பூச்சியம்தானே. பிறகு மனுசன் எப்பிடி வாறது?" என்றாள்.

எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. ஒரு புள்ளியில் பரப்பு இல்லை, இரண்டு நேரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று பேராசிரியர் தோரணையில் விளக்கினேன். அன்றிலிருந்து எட்டு மணிக்குத் தேத்தண்ணிக் கேத்தல் அடுப்பில் ஏறும்.

ஒரு நாள் ஒன்பது தாண்டியும் படகு வரவில்லை. ராத்தா அந்தத் தாளை எடுத்து வந்தாள்.

"இந்தக் கோட்டக் கொஞ்சம் நீட்டு தம்பி."

பன்னிரண்டு வரை நீட்டினேன். அகலம் கூடினால் உயரத்தைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் பரப்பு ஒன்றாகவே நிற்கும். மதியம் லுகர் தொழுதுவிட்டு வந்து மறுபடி நீட்டச் சொன்னாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகும். தேடிப்போன படகுகள் ஒவ்வொன்றாக வெறுமனே திரும்பின. நான் அழவில்லை, பயப்படவும் இல்லை. அடிமட்டம் நழுவாமல் கோடு கீறுவதில்தான் என் கவனம் முழுவதும். பொழுது சாய்ந்து மஃரிபுக்குள் செவ்வகம் தட்டையாகி அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னமும் ஒண்டுதானே?" என்று கேட்டாள்.

"ஓம் ராத்தா" என்றேன். கணக்கு சரிதான். ஆனால் அது வருகிறவர்களுக்கான கணக்கு.

மச்சான் வரவில்லை. படகும் கிடைக்கவில்லை.

இப்போது மாம்புரியில் கரை தெரியும்போதே கைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். கேத்தல் வைக்க யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நான் அங்கே புறப்படுகிறேன் என்று சொன்னால் ராத்தா, சரி வா என்பாள். எத்தனை மணிக்கு என்று கேட்கமாட்டாள். நான் பஸ்ஸில்தானே வருகிறேன், கடலிலா வருகிறேன் என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னேன். சிரித்தாள். அப்போதும் கேட்கவில்லை.