எட்டு வார நாற்காலி

அமெரிக்காவில் பெரிய ஏரிக்கரை ஊரான டுலூத்தின் துறைமுகப் பக்கம் ஐலா ரவுத்தியோ என்பவள் உட்காராத ஆபீஸ் நாற்காலி இல்லை என்றே சொல்லலாம். பதினோரு வருடத்தில் நாற்பத்தாறு இடம். யாராவது பிரசவத்துக்குப் போனாலும் ஆபரேஷனுக்குப் போனாலும் முதலாளியிடம் கோபித்துக்கொண்டு போனாலும் எங்கள் ஏஜென்சிக்கு போன் வரும். தற்காலிகமாக ஆள் அனுப்புவது என் வேலை. நான் அனுப்பியவர்களில் ஐலா ஒருத்தியைப் பற்றித்தான் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். முதல் நாள் கோட்டைக் கழற்றியதும் அந்த மேஜையை ஒரு தாளில் படம் போட்டுக்கொள்வாள். கோப்பை எங்கே, பேனா எந்தப் பக்கம், பேரன் போட்டோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எல்லாம். கடைசி நாள் அதைப் பார்த்து ஒவ்வொன்றையும் பழையபடி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். எனக்கு அது வெறும் கிறுக்குத்தனமாகவே பட்டது.

அந்த வசந்தத்தில், ஏரியில் பனி உடைந்து கப்பல்கள் வரத் தொடங்கிய சமயம், கப்பல்களுக்கு மளிகை ஏற்றும் கம்பெனியில் பெர்னிஸுக்கு முழங்கால் ஆபரேஷன். இருபத்திரண்டு வருடமாக அதே மேஜையில் இருந்தவள். எட்டு வாரத்துக்கு ஐலாவை அனுப்பினேன். ஆறாவது வாரம் முதலாளி ஆர்விட் என்னைக் கூப்பிட்டார்.

“ஐலாவையே எனக்கு நிரந்தரமா குடுத்துடுங்க. பெர்னிஸ்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆள் நிரந்தரமானால் எங்களுக்குக் கமிஷன் உண்டு. உடனே ஐலாவைப் பிடித்தேன்.

“அடிச்சதுடி யோகம்! இன்சூரன்ஸ், பென்ஷன், எல்லாம் உண்டு.”

“பெர்னிஸ் எங்க உட்காருவாங்க?”

“அந்தக் கவலை உனக்கெதுக்கு?”

“நான் அவங்க நாற்காலியைப் பார்த்துக்க வந்தவ, பிடுங்கிக்க வந்தவ இல்ல. நாளைக்கு நேர்ல வா.”

ஒப்பந்தத் தாளோடு போனேன். ஆர்விட் ஒரு கப்பலுக்கான சாமான் பட்டியலில் அப்போதுதான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஐலா “ஒரு நிமிஷம்” என்று அதை வாங்கிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் பெர்னிஸுக்கு போன் போட்டாள்.

“முழங்கால் எப்படி இருக்கு?”

“மடங்குது. உங்க முதலாளிக்கு என் ஞாபகமாவது இருக்கா?”

ஆர்விட் தொண்டையைக் கனைத்தார். ஐலா பட்டியலை வாசித்தாள். மாவு, முட்டை, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு.

“காபி எங்க?” என்றாள் பெர்னிஸ். “அந்தச் சமையல்காரன் வருஷா வருஷம் காபி எழுத மறப்பான். கேக்காமலே நாலு பெட்டி ஏத்திடு. காபி இல்லாம நடு ஏரிக்குப் போனா, கேப்டன் நம்ம ஏழு தலைமுறையையும் திட்டுவார்.”

ஆர்விட் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். காபி இல்லை. போன் பக்கம் குனிந்தார்.

“பெர்னிஸ், எப்ப வர்றீங்க?”

“பதினாலாம் தேதி. என் இடம் இருக்குமா?”

“பின்ன? அங்க வேற யாரு உட்காருவா?”

என் ஒப்பந்தத் தாள் பைக்குள்ளேயே கிடந்தது. வாசலில் ஐலாவை மடக்கினேன். மேஜை மேல் பெர்னிஸ் எழுதி வைத்த குறிப்பு நோட்டு ஒன்று திறந்து கிடந்ததை நான் பார்த்திருந்தேன். காபி விஷயம் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

“உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, நீயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?”

“நான் சொன்னா என் கெட்டிக்காரத்தனம்னு நினைச்சிருப்பாரு. அது அவங்களோடது.”

வாயில் வந்தபடி திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே காரை எடுத்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கோபம் போய்விட்டது. அவள் மேல் ஒரே பெருமையாக இருந்தது.

பதினாலாம் தேதி காலை ஐலாவின் கடைசிக் கணக்கில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். பெர்னிஸ் ஊன்றுகோலோடு மெல்ல வந்தாள். மேஜையைப் பார்த்தாள். கோப்பை, பேனா, சாய்ந்த போட்டோ. நாற்காலியில் உட்கார்ந்து, பார்க்காமலே கையை நீட்டிப் பேனாவை எடுத்தாள். அது அங்கேதான் இருந்தது.

“ஏம்மா,” என்றாள் ஐலாவிடம், “எட்டு வாரமா நீ இங்க உட்காரவே இல்லையா?”

ஐலாவுக்கு வாயெல்லாம் பல். கோட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“திங்கட்கிழமை எங்கடி அனுப்பப்போற?”