சீனர் சந்தில் சொன்ன பொய்

ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். பொலிஸ் விஷயத்தில் எனக்கிருந்த ஞானம் அவ்வளவுதான்.

நுவரெலியாவில் சீசன் காலம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலைந்து சீனர்கள் காகிதப் பூ, கூண்டுக் குருவி, மூங்கில் விசிறி, கண்ணாடிப் போத்தலில் தங்க மீன் எல்லாம் பரப்பியிருந்தார்கள். எங்கள் தோட்டத்துத் தொரைசாணிக்கு இரண்டு மீன் வேண்டுமாம். பங்களாவில் பூச்செடி பார்த்த என்னையும் என் மனைவியின் அண்ணனையும் பெரிய தொரை இங்கிலீஷில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வந்த கள்ளத்தோணி என்று எங்கள் ஆட்களை லொறியில் அள்ளிக்கொண்டிருந்த காலம். பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தைத் தவிர எங்களிடம் வேறு காகிதம் கிடையாது.

மச்சான் மீன் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"மாப்ள, இது சீனாவுலேருந்து கப்பல்ல வந்துச்சாம். இதுகிட்ட யாரும் காயிதம் கேக்க மாட்டாங்க."

"அப்ப நீங்களும் உள்ள எறங்கிக்குங்க மச்சான்."

"தொரைசாணி கையால தீனி போடும்னா எறங்கிர வேண்டியதுதான்."

குருவி பார்க்கப் போகிறேன் என்று சந்தின் மறுகோடிக்கு நடந்தார். சற்று நேரத்தில் இரண்டு முனையிலும் பொலிஸ்.

என் வீரத்தைக் கேளுங்கள். காகிதப் பூ மாட்டிய தட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். தட்டி என் இடுப்பளவுதான். கடைக்காரச் சீனர் என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஒரு பூச்சரத்தை எடுத்து என் தலைமேல் போட்டார். தேரில் ஏற்றிய சாமி மாதிரி நின்றிருப்பேன். இன்ஸ்பெக்டர் நேரே என்னிடம்தான் வந்தார்.

கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "ரெண்டு பேரை அனுப்பியிருக்கிறதா எழுதியிருக்கே. மத்தவன் எங்க?"

மச்சானையும் பிடிக்கத்தான் கேட்கிறார் என்று என் மூளை சொன்னது.

"அவர் வரல மாத்தயா. காய்ச்சல்," என்றேன், அரைகுறைச் சிங்களத்தில்.

போகச் சொல்லிவிட்டார். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு மீனை வாங்கினேன்.

முனையில் லொறி நின்றது. மச்சான் அதற்குள் இருந்தார். என்னைக் கண்டதும் கையைக் காட்டி, "அந்தா எங்க மாப்ள. தொரை காயிதம் அவருகிட்ட இருக்கு," என்றார்.

"அவன்தான் நீ வரவே இல்லைன்னு சொல்றான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், பொய் சொன்னதற்கு என்னையும் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கணக்கை மட்டும் மூளை சட்டென்று போட்டது. மீன் போத்தலைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். லொறி போனது.

தொரை இன்னொரு கடிதம் எழுதினார். கூட வந்தவனே மறுத்துவிட்டான் என்று அதற்குப் பதில் வந்தது. இங்கே பக்கத்து வட்டகொடையில் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத மச்சானை அந்த மாதக் கடைசியில் தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள்.