சித்தூரில் ‘முழுசு’ என்றால் 27648

ஜூன் நடுவில் சுஜாதா போன் செய்தாள். என்னோடு பொறியியல் படித்தவள். சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் உற்பத்தி மேலாளர். “புது கன்ட்ரோலர் போட்டதிலிருந்து நீராவி வால்வு சரியாத் திறக்கல. நீதான் காலேஜ்ல இதைப் பாடம் எடுக்கிறியே, வா. அப்படியே திருப்பதிப் பெருமாளையும் பார்த்துடலாம்” என்றாள். பெருமாள் விஷயத்தில் நான் வாக்குக் கொடுக்கவில்லை. வால்வைப் பார்க்க ஆசைதான்.

சென்னையிலிருந்து ரயிலில் ரேணிகுண்டா, பிறகு திருப்பதி. அங்கிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர், பேருந்தில் நூறு ரூபாய்க்குமேல், இரண்டு மணி நேரம். (மலைக்குப் போகாதவர்களுக்கு வேலூர் வழிதான் சுருக்கம்.)

“ஜூஸ் ஃபேக்டரியா? டிராக்டருங்க லைன் கட்டிக்கினு நிக்குது மேடம், வாசல் வரிக்கும் ஆட்டோ போவாது” என்றார் சித்தூர் ஆட்டோக்காரர். போகவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். எல்லா டிராக்டரிலும் தோத்தாபுரி மாங்காய். ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்த வெதுருகுப்பம் முனியம்மா என்னை அதிகாரி என்று நினைத்துவிட்டார்.

“யம்மா, நேத்துலேர்ந்து நின்னுக்கினு கீறோம். காயெல்லாம் கொழகொழன்னு ஆவுது. இன்னிக்கு உள்ள உடலன்னா ரோட்டுலதான் கொட்டணும்.”

உள்ளே திரையில் ‘வால்வு 100’ என்று இருந்தது. நம்பாமல் குழாயருகே போய்ப் பார்த்தேன். வால்வின் தண்டு கொஞ்சம்தான் எழும்பியிருந்தது. கூழ் சூடேறவில்லை; சூடேறாமல் டப்பாவில் அடைக்க முடியாது, அதனால்தான் வாசலில் அந்த வரிசை.

பழைய கன்ட்ரோலருக்கு ‘முழுசாகத் திற’ என்றால் 4095. இரும எண்ணில் வரிசையாகப் பன்னிரண்டு ஒன்றுகள். அதற்குமேல் அதில் இடமில்லை. புரோகிராம் எழுதியவர் இப்போது அமெரிக்காவில். அதை அப்படியே புதியதில் ஏற்றியிருக்கிறார்கள். புதியதில் பதினாறு இடங்கள். இடது ஓரத்து இடம் எண்ணின் குறி கூட்டலா கழித்தலா என்று சொல்ல. மிச்சம் பதினைந்தில் 32767 வரை எழுதலாம். ஆனால் முழுசு என்பது 27648. மேலே கொஞ்சம் இடத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 4095 என்பது பதினைந்து சதவீதம்கூட இல்லை.

“அந்தே மேடம், அவ்ளோதான்! எட்டால பெருக்கினா ஆச்சு” என்றார் ஆலையின் இன்ஜினியர் பிரசாத். பன்னிரண்டு ஒன்றுகளையும் இடப்பக்கம் மூன்று இடம் தள்ளினார், 32760. முழுசைத் தாண்டினாலும் வால்வு முழுசாகத்தானே திறக்கும் என்று எனக்கும் சரியென்றே பட்டது. வால்வு அடியோடு மூடிக்கொண்டது.

“ஒன்னைக் கூப்பிட்டதுக்குப் பெருமாளையே கூப்பிட்டிருக்கலாம்டீ” என்றாள் சுஜாதா.

கையேட்டைப் புரட்டினோம். 27648-ஐச் சற்றுத் தாண்டினால் பொறுத்துக்கொள்ளும். 32511-ஐயும் தாண்டினால், இது தப்பான கட்டளை என்று வால்வுக்குப் போகும் மின்னோட்டத்தையே நிறுத்திவிடும். பழைய எண்ணை 27648-ஆல் பெருக்கி 4095-ஆல் வகுக்கச் சொல்லி மாற்றினோம். தண்டு உச்சிவரை எழும்பியது. நீராவிச் சத்தத்தில் பிரசாத் என்ன கத்தினார் என்று கேட்கவில்லை.

மாலையில் வாசல் திறந்தது. முனியம்மாவின் சுமையில் அடியில் நசுங்கியதைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள். என்னதான் கோளாறு என்று அவர் கேட்டார். சொன்னேன்.

“ரொம்ப கேட்டா மூடிக்குதா? அப்ப இந்த கம்பெனிக்கு ஏத்த மிசின்தான். நாங்க வெல கூட கேட்டாலும் இவங்க இப்டித்தான் மூடிக்குவாங்க.”

மலைக்குப் போக நேரமில்லை. ஜூனில் இந்தப் பக்கம் போகிறவர்கள் டிராக்டர் வரிசைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். குடிநீர் எடுத்துப் போங்கள். கன்ட்ரோலர் மாற்றுகிறவர்கள் முழுசுக்கு எந்த எண் என்று கேட்டால் மட்டும் போதாது, அதை மீறினால் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். முனியம்மா அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.